ஒரு வீட்டில் இரு சமயம்: இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை சரித்திரம்

அயலான் நம் சமயத்தைப் பழித்தால் அச்சொல் காதோடு போய்விடும். சொந்தக்காரர் பழித்தால் அது சோற்றுத் தட்டு வரைக்கும் வந்து உட்காரும். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகிய மூன்றின் ஓசையும் ஒரே காற்றில் கலந்துவரும் மன்னார்க் கரையிலே பிறந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. நம்மிற் பலருக்குத் திருநீறு பூசும் சித்தப்பாவும் உண்டு, செபமாலை உருட்டும் சின்னம்மாவும் உண்டு. கலியாண வீட்டிலே ஒன்றாகப் பந்தியில் இருப்போம். சமயப் பேச்சு எழுந்தால் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

சிறியேன் மிஷன் பாடசாலையிற் கற்றவன். அதற்காக வெட்கப்பட்டதில்லை, பெருமையடித்ததுமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கூடப் படித்த நண்பனின் தாயார் காலமானபோது தேவாலயத்திற்குச் சென்று, மற்றவர்களோடு சேர்ந்து ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். அது என் தாய்மாமன் காதுக்கு எட்டியது. மாமா எங்கள் குடும்பத்தில் மூத்தவர். வெள்ளிக்கிழமை விரதம் ஒருநாளும் விடாதவர். உறவினர் பலர் கூடியிருந்த ஓரிடத்தில், இவன் நெற்றியில் இனித் திருநீறு ஒட்டாது என்று சொல்லிவிட்டார். அன்றிரவு அடியேன் மனத்தில் நூறு மறுமொழிகள் எழுந்தன. ஒன்றையும் சொல்லவில்லை. சொல்லாதது பணிவினாலா, கோபத்தினாலா என்று எனக்கே தெரியவில்லை.

அந்நாட்களிற்றான் பல்கலைக்கழக நூலகத்தில் தாமோதரம்பிள்ளையவர்களின் சரித்திரத்தைப் படிக்க நேர்ந்தது. தமிழ் ஏடுகளை அச்சேற்றிய பெரியார் என்ற அளவில் அவரை எல்லோரும் அறிவோம். அவர் வீட்டிலும் இந்தச் சிக்கல் இருந்தது என்பதை நம்மிற் பலர் அறியோம். அதனாலேயே இம்மலரில் அவர் வாழ்க்கையை எழுதத் துணிந்தேன்.

தாமோதரம்பிள்ளை 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆந் தேதி யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். அவர் வளர்ந்தது கிறீஸ்தவக் குடும்பத்தில். அக்காலத்து யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் பாதிரிமார் கையிலிருந்தது. கல்வியை விரும்பியவன் அவர்கள் வாசலை மிதித்தே ஆகவேண்டும். தெல்லிப்பழையிலும், பின்னர் அமெரிக்க மிஷனார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியிலும் அவர் கற்றார். அச்செமினரி வேதத்தை மாத்திரம் புகட்டிய இடமன்று. கணிதம், வானசாத்திரம், தருக்கம், தமிழ், ஆங்கிலம் என்று ஒரு பல்கலைக்கழகத்திற்கு ஒப்பாகப் பாடங்கள் நடந்தன. பிள்ளையவர்களின் தமிழ்க் கல்விக்கும் ஆராய்ச்சிக் கண்ணுக்கும் அங்கேதான் அத்திவாரம் இடப்பட்டது.

செமினரியை விட்டபின் கோப்பாயில் ஆசிரியராக அமர்ந்தார். இருபது வயதை ஒட்டிய அப்பருவத்திலேயே குமரகுருபர சுவாமிகளின் நீதிநெறி விளக்கத்தை உரையுடன் அச்சிற் கொணர்ந்தார். அவருடைய திறமையை அறிந்த பேர்சிவல் பாதிரியார், தாம் சென்னையில் நடத்திய தினவர்த்தமானி என்னும் பத்திரிகையைக் கவனிக்க அவரை அழைத்துக்கொண்டார். இதே பேர்சிவலின் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணை நின்று, பின்னர் 1848இல் அப்பணியை விட்டுச் சைவத்தொண்டிற்கே தம்மை ஒப்படைத்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். ஒரு பாதிரியாரின் நிழலிலே வெவ்வேறு காலத்தில் இவ்விரு பெரியாரும் நின்றது தமிழ் செய்த புண்ணியம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. அதன் முதலாவது பி.ஏ. பட்டதாரிகள் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டை மாணவர், இருவரும் ஈழத்தவர். பின்னர்ப் பிள்ளையவர்கள் கள்ளிக்கோட்டையில் அரசினர் பாடசாலையில் உபாத்தியாயராகவும், சென்னையில் அரசாங்கக் கணக்குப் பகுதியில் உத்தியோகத்தராகவும் கடமையாற்றினார். 1871இல் பி.எல். பரீட்சையிற் சித்தியெய்தினார். கும்பகோணத்தில் வழக்கறிஞராக விளங்கி, 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாக வீற்றிருந்தார். 1895இல் அரசாங்கம் அவருக்கு இராவ்பகதூர் பட்டம் வழங்கியது.

இவை உத்தியோகச் செய்திகள். இவற்றினும் பெரிய மாற்றம் அவர் உள்ளத்தில் நிகழ்ந்தது. கிறீஸ்தவராய் வளர்ந்த அவர் சைவரானார். அதுவும் பெயரளவிற் சைவரல்லர். சைவ மகத்துவம் என்று ஒரு நூலே இயற்றியவர். அக்காலத்தில் ஒரு மிஷன் பட்டதாரி இவ்வாறு திரும்புவது எத்துணை ஏச்சுக்கு இடமாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்தார் நன்றி மறந்தவன் என்பர்; மறுபக்கத்தார் இவன் உண்மையிற் சைவன்றானா என்று நெற்றியை உற்றுப் பார்ப்பர். இரு கரையாருக்கும் அந்நியனாய் நிற்கும் வேதனை, நடுக்கடலில் நின்றவனுக்கே தெரியும்.

இந்நிலையில் அவர் என்ன செய்தார் என்பதே நமக்கு வேண்டிய பாடம். தாம் விட்டுவந்த பள்ளியைத் தூற்றுவதில் ஆயுளைக் கழிக்கவில்லை. அங்கே பெற்ற கல்வியை எறிந்துவிடவுமில்லை. ஒப்பிட்டு நோக்குதல், பாடபேதம் குறித்தல், காலவாராய்ச்சி செய்தல் என்று அக்கல்வி தந்த ஆயுதங்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு, செல்லரித்துக் கிடந்த தமிழ் ஏடுகளிடம் சென்றார்.

அக்கால ஏடுகளின் நிலையை இக்காலத்து மாணவர் மனத்திற் கொண்டுவருதல் அரிது. கட்டை அவிழ்த்தால் விளிம்பு முரியும். புரட்டினால் ஓரம் உதிரும். எழுத்தோ புள்ளியின்றி, கால் கொம்பு வேறுபாடின்றிக் கிடக்கும். இருபது முப்பது ஆண்டு தாமதித்தால் சில நூல்கள் பெயரளவில் மாத்திரம் மிஞ்சும் என்று அவர் கண்டார். தம் பதிப்புரைகளிலே இதனைச் சொல்லிச் சொல்லி வருந்தினார். பகலில் உத்தியோகம், இரவில் ஏடு. பலவிடங்களிலிருந்து பிரதிகளைத் தேடித் தருவித்து ஒப்புநோக்கினார். கைப்பொருளும் பெரிதும் கரைந்தது.

1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு வெளிவந்தது. அதனைப் பரிசோதித்தவர் நாவலர், வெளியிட்டவர் பிள்ளையவர்கள். 1879இல் நாவலர் சிவபதமடைந்தபின் சுமை முழுவதும் இவர் தோளில் ஏறியது. 1881இல் வீரசோழியம், 1883இல் தணிகைப் புராணமும் இறையனார் அகப்பொருளும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும் அச்சேறின. தொல்காப்பியத்தின் எஞ்சிய பகுதிகளும் நச்சினார்க்கினியர் உரையோடு பின்வந்த ஆண்டுகளில் வெளிப்பட்டன. தாயகத்தையும் அவர் மறந்தாரல்லர். ஏழாலையில் ஒரு தமிழ் வித்தியாசாலை நடைபெற முன்னின்றார்.

மேற்காட்டிய பட்டியலை இன்னொரு முறை நிதானமாய்ப் பாருங்கள். தணிகைப் புராணம் முருகப்பெருமானுக்கு உரியது. கச்சியப்ப முனிவர் அருளியது. வீரசோழியம் புத்தமித்திரர் என்னும் பௌத்தர் செய்த இலக்கணம். சூளாமணி தோலாமொழித் தேவர் என்னும் சைனர் இயற்றிய காப்பியம். இவற்றைப் பதித்தவரோ கிறீஸ்தவப் பள்ளியிற் கற்றுச் சைவரானவர். சைவ நூலுக்கு ஒரு கவனம், புறச்சமய நூலுக்கு ஒரு கவனம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. தம் சமயத்தில் உறுதி குறைந்தவராய் இருந்து இதனைச் செய்தாரல்லர். உறுதியுடையவராய் இருந்தே செய்தார். ஆழ வேரூன்றிய மரம் அயல் மரத்தின் நிழலுக்கு அஞ்சுவதில்லை.

இனி, வீட்டுக்குள்ளே வருவோம். பிள்ளையவர்களின் புதல்வர்களுள் ஒருவர் அழகசுந்தரம். 1873இற் பிறந்தவர். இவர் கிறீஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்னும் பெயரோடு போதகரானார். தந்தை எந்தச் சமயத்தினின்று புறப்பட்டு வந்தாரோ, அந்தச் சமயத்துக்கே தனயன் சென்று சேர்ந்தார். சைவ மகத்துவம் எழுதியவரின் மகன் தேவாலய மேடையில் நின்று பிரசங்கித்தார். இத்தகைய வீட்டில் தந்தையின் உள்ளம் என்ன பாடுபடும் என்பதைப் பிள்ளை பெற்றவர்கள் அறிவர். மகனின் உள்ளம் என்ன பாடுபடும் என்பதை எம்போன்ற இளைஞர் அறிவோம்.

பெற்றோர் நெறியைவிட்டு மாறிய ஒருவர், தம் நெறியைவிட்டு மாறிய மகனுக்குத் தந்தையானார் என்பது சிந்திக்கத் தக்கது. இன்று நம்மைத் தீர்ப்பிடும் உறவினரின் ஆசனம் என்றைக்கும் அவருக்கே உரியதன்று. நாளை அதில் நாமே உட்காரவேண்டி வரும். அப்போது நம் முன் நிற்பவன் நம் சொந்தப் பிள்ளையாக இருப்பான்.

தாமோதரம்பிள்ளை 1901ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதி சென்னையில் இவ்வுலக வாழ்வை நீத்தார். கதை அங்கே முடியவில்லை. இருபது ஆண்டுகள் கழிந்து, 1921இல், ஒரு நூல் வெளிவந்தது. சம்பந்தர், அப்பர், சுந்தரர், மாணிக்கவாசகர் ஆகிய நால்வரின் பாடல்களுட் சிலவற்றைத் தெரிந்தெடுத்துத் தமிழ் மூலத்தோடு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த நூல் அது. அதனை ஆக்கியவர் இருவர். ஒருவர் பிலிப்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார், மற்றவர் கிங்ஸ்பரி. தமிழறியாத நாட்டாரும் நம் சமயகுரவரின் வாக்கை அறிய இந்நூல் வழிசெய்தது. பின்னாளில் கிங்ஸ்பரி கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். இராமன் கதை, பாண்டவர் கதை என்று எளிய தமிழில் வசன நூல்களும் எழுதினார். 1941இற் காலமானார்.

தந்தையின் சமயத்தை அவர் ஏற்கவில்லை. தந்தையின் தமிழை ஏற்றார். தந்தை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தார். தனயன் தமிழிலிருந்து உலகமொழிக்குக் கொணர்ந்தார். ஒரு வீட்டின் செல்வம் சமயம் மாறியதால் அழிந்துபோகவில்லை. வேறொரு வழியாய்ப் பாய்ந்தது. தந்தை உயிரோடிருந்து அந்நூலைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பாரா என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. பல உறவுகளிலே நியாயம் விளங்குமுன் ஆயுள் முடிந்துவிடுகிறது. ஆகையால், உறவினர் நம்மைப் புரிந்துகொள்ளும் நாளுக்காகக் காத்திருந்து அதன்பின் நற்செயல் செய்வோம் என்று இருத்தல் மடமை.

மன்னார் மக்களாகிய நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1544இல் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் ஆணையால், புதிதாய்ச் சமயம் மாறிய நூற்றுக்கணக்கானோர் இத்தீவிலே கொல்லப்பட்டனர். 1560இல் பறங்கியர் மன்னாரைக் கைப்பற்றினர். அவர்கள் காலத்தில் மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம் தரைமட்டமாயிற்று. அது மண்மூடிக் கிடந்ததை 1872இல் நாவலர் எடுத்துக்காட்டிச் சைவ மக்களைத் தட்டியெழுப்பினார். பெருங்கருங்கற் கோயிலாய் எழுந்து 2022இல் கும்பாபிஷேகம் கண்டதை நம் கண்களாலேயே பார்த்தோம். இருபக்கத்திலும் காயமுண்டு. அக்காயத்தை வீட்டுச் சோற்றுப் பந்திக்கும் கொண்டுவந்து கிளறவேண்டுமா என்பதே கேள்வி.

இச்சரித்திரத்தைப் படித்தபின் அடியேன் மாமாவுக்குச் சொல்ல வைத்திருந்த நூறு மறுமொழிகளும் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. ஆயினும் ஒன்று உதிரவில்லை. நண்பனின் தாயார் எனக்குச் சோறிட்டவர். அவருக்காக விளக்கேற்றியது தவறென்று நான் ஒப்பமாட்டேன். அதனைச் சென்ற சிவராத்திரியன்று, பாலாவியில் தீர்த்தம் எடுக்க வரிசையில் நின்றபோது, பக்கத்தில் நின்ற மாமாவிடம் அமைதியாகச் சொன்னேன். தாமோதரம்பிள்ளையின் கதையையும் சொன்னேன். மாமா ஒன்றும் பேசவில்லை. வரிசை நகர்ந்தது. என் குடத்தை ஒருகை பிடித்துக் கரையேற உதவிவிட்டு முன்னே நடந்தார். அவர் மனம் மாறிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். அடுத்த வெள்ளிக்கிழமையும் என் நெற்றியை உற்றுப் பார்க்கத்தான் செய்தார்.

இளைஞர்காள், உறவினர் பழித்தால் சினந்து வீட்டைவிட்டு வெளியேறாதீர்கள்; அவரை மகிழ்விக்க இல்லாத பக்தியை நடிக்கவும் வேண்டாம். உங்கள் உறுதியை ஒருமுறை பணிவோடு சொல்லுங்கள். பின்னர் ஏதேனும் ஒரு நற்பணியிற் கைவையுங்கள். பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் எங்கே கற்கிறார்கள், யார் வீட்டு மரணத்திற்குப் போகிறார்கள் என்பதைக் கொண்டு அவர்கள் நெஞ்சை அளக்க வேண்டாம். கிறீஸ்தவப் பள்ளியிற் கற்ற ஒருவர் கையாலன்றோ நம் தொல்காப்பியம் நமக்குக் கிடைத்தது!