மாரிஸ் ஸ்டோக்ஸ்: மூன்று ஆண்டு ஆட்டம், பன்னிரண்டு ஆண்டுத் துணை

மாலை வேளையில் நம் வளாகத்தின் கூடைப்பந்து வளையத்தின் கீழ் பிள்ளைகள் கூடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். மைக்கேல் ஜோர்டன், லெப்ரான் ஜேம்ஸ், ஸ்டீபன் கரி என்று பெயர்களை அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த வரிசைக்கு முன்னோடியான ஒருவரைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறேன். அவர் பெயர் மாரிஸ் ஸ்டோக்ஸ். தொழில்முறை ஆட்டத்தில் அவர் இருந்தது மூன்றே ஆண்டுகள். கூடைப்பந்து பற்றி ஒன்றும் தெரியாத பெரியவர்களும் இதைப் படிக்கலாம். இதில் பாதிதான் விளையாட்டு.

எஃகு ஆலை ஊர்ப் பிள்ளை

ஸ்டோக்ஸ் 1933 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய ராங்கின் என்ற சிற்றூரில் பிறந்தார். பிட்ஸ்பர்க் வட்டாரம் எஃகு ஆலைகளுக்குப் பேர்போனது. அவருடைய அப்பாவும் எஃகு ஆலைத் தொழிலாளிதான். அம்மா மற்றவர் வீடுகளில் வேலை செய்தவர். ஸ்டோக்ஸுடன் இரட்டையாகப் பிறந்த ஒரு சகோதரியும், இரண்டு சகோதரர்களும் உண்டு. அவருக்கு எட்டு வயதானபோது குடும்பம் பிட்ஸ்பர்க்கின் ஹோம்வுட் பகுதிக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே வெஸ்டிங்ஹவுஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். பிற்காலத்தில் இவ்வளவு பெரிய ஆட்டக்காரரானவர் பள்ளியில் முதல் நாளிலிருந்தே ஜொலித்திருப்பார் என்று நினைக்கத் தோன்றும். உண்மை அப்படி இல்லை. முதல் இரண்டு ஆண்டுகள் ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து பேரில் அவருக்கு இடமே கிடைக்கவில்லை. வெளியே உட்கார்ந்து, கூப்பிட்டபோது மட்டும் களத்துக்குப் போனார். அதற்காக அவர் விட்டுவிட்டுப் போகவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அணியின் தூணாகவே ஆனார். 1950, 1951 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பிட்ஸ்பர்க் நகரப் பள்ளிகளுக்கான கோப்பையை வெஸ்டிங்ஹவுஸ் வென்றது.

சின்னக் கல்லூரி, பெரிய மேடை

பள்ளி முடிந்ததும் பேர்பெற்ற பெரிய பல்கலைக்கழகம் எதற்கும் ஸ்டோக்ஸ் போகவில்லை. மலைப்பாங்கான லொரெட்டோ என்ற சிற்றூரில் பிரான்சிஸ்கன் துறவியர் நடத்திய செயின்ட் பிரான்சிஸ் கல்லூரியில் சேர்ந்தார். நாட்டின் விளையாட்டுப் பக்கங்களில் அவ்வளவாக இடம்பெறாத சின்னக் கல்லூரி அது. அவர் இருந்த நான்கு ஆண்டுகளில் அந்த அணி 79 ஆட்டங்களில் வென்றது, 30இல் தோற்றது. கடைசி ஆண்டில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 27 புள்ளிகள் எடுத்தார், 26 ரீபவுண்ட் பிடித்தார். வளையத்தில் விழாமல் திரும்பி வரும் பந்தை எதிரணிக்கு விடாமல் பிடிப்பதுதான் ரீபவுண்ட். உயரம் மட்டும் இருந்தால் அது வராது. பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே கணித்து, இடம் பிடித்து நிற்க வேண்டும்.

1955இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த தேசிய அழைப்புப் போட்டிக்குச் செயின்ட் பிரான்சிஸ் அணிக்கு அழைப்பு வந்தது. அந்தக் காலத்தில் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு அதுதான் பெரிய மேடை. அரையிறுதியில் டேட்டன் அணிக்கு எதிராக ஸ்டோக்ஸ் மட்டும் 43 புள்ளிகள் எடுத்தார். இருந்தும் கூடுதல் நேரத்தில் அணி தோற்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்திடமும் தோற்று நான்காம் இடத்தோடு திரும்பியது. ஆனால் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது நான்காம் இடம் பெற்ற அணியின் ஸ்டோக்ஸுக்கே கிடைத்தது.

அன்று எதிரணியான சின்சினாட்டிக்காக ஆடியவர்களில் ஜாக் ட்வைமன் என்ற வெள்ளை இளைஞரும் ஒருவர். அவரும் பிட்ஸ்பர்க்காரர். தன் பள்ளி அணிக்கு மூன்று முறை முயன்று, மூன்று முறையும் தேர்வாகாமல், கடைசி ஆண்டில்தான் இடம் பிடித்தவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வரும்.

மூன்று சீசன்கள்

அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்தில் கல்லூரி முடித்த வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். 1955இல் ராச்செஸ்டர் ராயல்ஸ் அணி ஸ்டோக்ஸைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டின் இரண்டாவது தேர்வு அவர்தான். அதே அணி அதே ஆண்டு ட்வைமனையும் எடுத்தது. எதிரெதிராக ஆடியவர்கள் ஒரே அணியில் சேர்ந்தார்கள்.

என்பிஏ கறுப்பின வீரர்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதே 1950இல்தான். ஸ்டோக்ஸ் வந்தபோது அவர்களின் எண்ணிக்கை இன்னும் குறைவு. வெளியூர் போனால் கறுப்பின வீரருக்கு ஓட்டலில் அறை மறுக்கப்படுவது அன்று சகஜம்.

தன் முதல் ஆட்டத்திலேயே நியூயார்க் அணிக்கு எதிராக 32 புள்ளிகள், 20 ரீபவுண்ட், 8 அசிஸ்ட் என்று கணக்கைத் தொடங்கினார் ஸ்டோக்ஸ். சக வீரர் புள்ளி எடுக்கும்படி பந்தைக் கொடுப்பதைத்தான் அசிஸ்ட் என்கிறோம். 1955-56 சீசனின் சிறந்த புதுமுக வீரர் விருது அவருக்கு வந்தது. அடுத்த சீசனில் மொத்தம் 1,256 ரீபவுண்ட் பிடித்தார். அதுவரை என்பிஏயில் ஒரே சீசனில் யாரும் அத்தனை பிடித்ததில்லை. ஆடிய மூன்று ஆண்டும் நட்சத்திர வீரர்கள் ஆட்டத்துக்குத் தேர்வானார்.

அவரது உயரம் 6 அடி 7 அங்குலம், எடை நூறு கிலோவுக்கு மேல். அன்றைய வழக்கப்படி அப்படிப்பட்ட ஆள் வளையத்தின் அருகே நின்று பந்துக்குக் காத்திருக்க வேண்டும். ஸ்டோக்ஸ் அப்படி நிற்கவில்லை. ரீபவுண்டைப் பிடித்து, தானே தட்டிக்கொண்டு முழுக் களத்தையும் கடந்து, சரியான ஆளுக்குப் பந்தைக் கொடுத்தார். இன்று லெப்ரான் ஜேம்ஸ் ஆடும்போது பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கும் ஆட்டம் அந்த வகைதான். 202 ஆட்டங்களில் அவருடைய சராசரி 16.4 புள்ளிகள், 17.3 ரீபவுண்ட், 5.3 அசிஸ்ட்.

1957இல் அணி ராச்செஸ்டரிலிருந்து ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகருக்கு மாறியது. ஸ்டோக்ஸுக்கு அப்போது 24 வயது. எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

ஒரு விழுகை

1958 மார்ச் 12, சீசனின் கடைசி லீக் ஆட்டம், மினியாபொலிஸ் நகரில். பந்தோடு வளையத்தை நோக்கிப் பாய்ந்த ஸ்டோக்ஸ், எதிரணி வீரர் மேல் மோதி நிலைதடுமாறி விழுந்தார். தலை தரையில் அடித்து மயக்கமானார். மூக்கருகே உப்பைக் காட்டி எழுப்பினார்கள். எழுந்தார், மீண்டும் ஆடினார். அன்று அதுதான் வழக்கம். எழுந்து நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று கணக்கு.

மூன்று நாள் கழித்து டெட்ராய்ட்டில் அடுத்த சுற்று ஆட்டம். அதிலும் ஆடி 12 புள்ளிகள், 15 ரீபவுண்ட் எடுத்தார். சின்சினாட்டிக்குத் திரும்பும் விமானத்தில்தான் உடல் மோசமானது. வலிப்பு வந்து நினைவிழந்தார். விமானப் பணிப்பெண் ஆக்சிஜன் கொடுத்துக் காப்பாற்ற முயன்றார். தரையிறங்கியதும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

பல வாரங்கள் கழித்து நினைவு வந்தபோது உடல் முழுவதும் செயலிழந்திருந்தது. பேச்சும் இல்லை. தலையில் பட்ட அடி, உடல் அசைவை ஆளும் மூளைப் பகுதியைப் பாதித்துவிட்டது. அறிவும் நினைவும் மட்டும் அப்படியே இருந்தன. சுற்றி நடப்பது எல்லாம் புரியும், ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது.

ட்வைமன்

சீசன் முடிந்து அணி வீரர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். அணியும் கைமாறிக்கொண்டிருந்தது. ஸ்டோக்ஸின் பெற்றோர் பிட்ஸ்பர்க்கில் இருந்தார்கள். மருத்துவமனைச் செலவோ நாளுக்கு நாள் ஏறியது. இன்று இருப்பதுபோல் வீரர்களுக்கு மருத்துவக் காப்பீடோ ஓய்வூதியமோ அன்று இல்லை. ஸ்டோக்ஸின் வங்கிக் கணக்கில் பணம் இருந்தது. ஆனால் கையெழுத்துப் போட முடியாதவரின் பணத்தை யார் எடுப்பது?

ட்வைமன் சின்சினாட்டியிலேயே குடியிருந்தவர். அவருக்கு அப்போது 23 வயது, திருமணமானவர். நீதிமன்றத்துக்குப் போய் ஸ்டோக்ஸின் சட்டப்பூர்வக் காப்பாளராக ஆனார். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேசையில் சாப்பிடுவதே பல ஊர்களில் பிரச்சினையாக இருந்த காலம் அது.

காப்பாளர் என்று பெயருக்கு இருந்துவிடவில்லை. வேலையின்போது ஏற்பட்ட காயம் என்று வாதாடி, ஓஹையோ மாநிலத்தின் தொழிலாளர் இழப்பீட்டை வாங்கிக் கொடுத்தார். அதுவும் போதாததால், நியூயார்க் மாநிலத்தின் மலைப்பகுதியில் கட்ஷர்ஸ் என்ற விடுதியில் ஆண்டுதோறும் நிதி திரட்டும் ஆட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தார். வில்ட் சேம்பர்லெய்ன் முதலான முன்னணி வீரர்கள் அதில் வந்து ஆடினார்கள்.

பேச முடியாதவரோடு பேச இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ட்வைமன் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். வேண்டிய எழுத்து வந்ததும் ஸ்டோக்ஸ் கண் சிமிட்டுவார். இப்படி எழுத்தெழுத்தாகச் சேர்ந்து ஒரு சொல் உருவாகும். ட்வைமனின் மனைவி கேரலும் இந்தப் பராமரிப்பில் பங்கெடுத்தார்.

இதற்கிடையே ட்வைமன் தன் ஆட்டத்தையும் விடவில்லை. 1959-60 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 31 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். ஆட்டம், வீட்டில் வளரும் குழந்தைகள், சீசன் இல்லாத நாட்களில் காப்பீட்டு வேலை என்று எல்லாவற்றுக்கும் நடுவே மருத்துவமனைக்கும் போய்வந்தார்.

ஸ்டோக்ஸ் தரப்பிலும் உழைப்பு குறைவில்லை. பள்ளி நாட்களில் வெளியே உட்கார்ந்து காத்திருந்த அதே பொறுமை இங்கேயும் கைகொடுத்தது. ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்து விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்கப் பழகினார். தட்டச்சு செய்யும் அளவுக்கு விரல் வந்தபோது அவர் எழுதிய முதல் கடிதம், ட்வைமனுக்கு நன்றி சொல்லித்தான்.

1970 ஏப்ரல் 6 அன்று மாரடைப்பால் ஸ்டோக்ஸ் இறந்தார். வயது 36. அவர் விரும்பியபடியே லொரெட்டோவில், தான் படித்த கல்லூரியின் துறவியர் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

2004இல் கூடைப்பந்தின் புகழ்மன்றத்தில் ஸ்டோக்ஸின் பெயர் சேர்க்கப்பட்டபோது அவர் சார்பில் அந்தக் கௌரவத்தைப் பெற்றுக்கொண்டவர் ட்வைமன். 2012இல் அவரும் காலமானார். அடுத்த ஆண்டு முதல் என்பிஏ, சிறந்த சக வீரருக்கான விருது ஒன்றை இருவர் பெயராலும் வழங்கிவருகிறது. புள்ளிக்கணக்கைப் பார்த்து அதைக் கொடுப்பதில்லை. அணியில் உள்ளவர்களுக்கு யார் துணையாக இருந்தார் என்று வீரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நமக்கு ஒரு வார்த்தை

இன்று என்பிஏயில் தலையில் அடிபட்ட வீரரை மருத்துவர் சோதித்து அனுமதிக்காமல் மீண்டும் ஆட விடுவதில்லை. நம் வளாகத்திலும் அதே விதி இருக்கட்டும். தலை மோதி விழுந்த பிள்ளை எழுந்து சிரித்தாலும் அன்றைக்கு ஆட்டம் போதும் என்று உட்கார வையுங்கள். வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். தலைவலி, வாந்தி, குழப்பம், வழக்கத்துக்கு மாறான தூக்கம், இவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடிபட்ட அன்று ஒன்றும் தெரியாமல் ஓரிரு நாள் கழித்துத் தெரிந்தாலும் அப்படியே.

பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1,256 ரீபவுண்டில் தொடங்கினால் காது கொடுத்துக் கேட்பார்கள். ட்வைமன் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள்.