ரத்தத்தோடு மல்லுக்கட்டிய ஹார்வி குஷிங்

மூளையைச் சுற்றி ரத்தம் கட்டிக்கிட்டா மண்டை ஓட்டைத் திறந்து அதை வெளியே எடுத்துடலாம். இது ரொம்ப நாளா தெரிஞ்ச வைத்தியம்தான். சிக்கல் அதுக்கு அப்புறம்தான். தையல் போட்டு ஆளை வார்டுக்கு அனுப்பின பிறகு உள்ளே மறுபடியும் ரத்தம் கசிய ஆரம்பிச்சா என்ன பண்றது? வயிறு மாதிரி மண்டை ஓடு விரிஞ்சு கொடுக்காது. அது மூடின பெட்டி. உள்ளே ரத்தம் சேரச் சேர அழுத்தம் ஏறும், மூளை நசுங்கும். கையில முழங்கால்ல ரத்தம் வந்தா துணியை வெச்சு அழுத்திப் பிடிப்போம். மூளையை அப்படி அழுத்த முடியுமா?

இந்தக் கேள்வியோடு முப்பது வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியவர் ஹார்வி குஷிங். 1869 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். பரம்பரை பரம்பரையாக டாக்டர் குடும்பம். யேலில் பட்டம், பிறகு ஹார்வர்டில் மருத்துவம். அங்கே மாணவராக இருந்தபோது, ஆபரேஷனுக்கு முன்னால் ஈதர் கொடுத்து மயக்குகிற வேலையை அவரிடம் கொடுத்தார்கள். அவர் கையிலேயே ஒரு நோயாளி இறந்துபோனார். படிப்பையே விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு உடைந்து போனார். ஆனால் விடவில்லை. நண்பர் காட்மனோடு சேர்ந்து, மயக்கத்தில் இருப்பவரின் நாடித்துடிப்பையும் மூச்சையும் நிமிஷத்துக்கு நிமிஷம் தாளில் குறிக்க ஆரம்பித்தார். நம்ம பாஷையில் சொன்னா, டேட்டா லாக்கிங். இன்றைக்கு ஆபரேஷன் தியேட்டரில் எழுதப்படும் மயக்க மருந்து சார்ட்டுக்கு முன்னோடி அதுதான்.

அடுத்து பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ். அங்கே குரு ஹால்ஸ்டெட். ஒரு சொட்டு ரத்தம்கூட வீணாகாமல், திசுவைப் பூ மாதிரி தொட்டு, மெதுவாக அறுக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அதுவரை சர்ஜன் என்றால் வேகம்தான் பெருமை. குஷிங் அந்தப் பெருமையைத் தூக்கிப் போட்டார்.

1900இல் ஐரோப்பா போனார். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், கோச்சரின் ஆய்வகத்தில் விலங்குகளின் மண்டைக்குள் அழுத்தத்தை ஏற்றிப் பார்த்தார். உள்ளே அழுத்தம் ஏறும்போது, அதை மீறி மூளைக்கு ரத்தத்தை அனுப்ப உடம்பு ரத்த அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. கடைசியில் நாடி மெதுவாகிறது, மூச்சு தாறுமாறாகிறது. அருமையான ஃபீட்பேக் லூப் இது. தலையில் ஆபரேஷன் முடிந்தவருக்கு ரத்த அழுத்தம் ஏறி நாடி இறங்கினால், உள்ளே மறுபடி ரத்தம் கட்டுதோ என்று இன்றைக்கும் டாக்டர்கள் பதறுவது இதனால்தான். அந்த அறிகுறிகளுக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. திரும்பும் வழியில் இத்தாலியின் பாவியாவில் ரிவா-ரோச்சியின் ரத்த அழுத்தக் கருவியைப் பார்த்தவர், அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து புழக்கத்துக்கும் விட்டார்.

பிறக்கும்போதே மூளையைச் சுற்றி ரத்தம் கட்டிய பச்சைக் குழந்தைகளின் மண்டையைத் திறந்து அந்த ரத்தத்தை எடுத்தார். 1905இல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். அந்தக் காலத்தில் இதுக்கு எவ்வளவு துணிச்சல் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. ஸ்கேன் கிடையாது, ரத்த வங்கி கிடையாது. எல்லாமே வெளியில் தெரிகிற அறிகுறியை வைத்துக் கணிப்பதுதான்.

ரத்தத்தை நிறுத்த ஒவ்வொரு வழியாகக் கண்டுபிடித்தார். தலையைச் சுற்றிக் காற்றடித்த பட்டை கட்டினார். மூளைக்குள் இருக்கும் ரத்தக்குழாயை நூல் போட்டுக் கட்ட முடியாது, இழுத்தால் கிழிந்துவிடும். அதற்காக 1911இல் வெள்ளிக் கம்பியை வளைத்துக் குட்டிக் கிளிப் செய்தார். கசிகிற இடத்தில் நோயாளியின் சொந்தத் தசைத் துணுக்கை வைத்து அடைத்தார். அப்படியும் ரத்தம் நிற்கவில்லை என்றால் பாதியில் நிறுத்தி, மூடிவிட்டு, சில நாள் கழித்து மறுபடி திறப்பார். மண்டையைத் திறந்தாலே சாவு என்றிருந்த காலத்தில், 1915 வாக்கில் அவருடைய கட்டி ஆபரேஷன்களில் இறப்பு 10 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது.

ஆளோ முசுடு. கூட வேலை செய்தவர்களைத் தியேட்டரிலேயே வறுத்தெடுப்பார். சிகரெட்டை விடவே இல்லை, பின்னாளில் கால் ரத்தக்குழாய்களே அடைத்து அவதிப்பட்டார்.

1926 அவருக்கு விசித்திரமான வருஷம். ஆஸ்லரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஜூன் மாதம் மூத்த மகன் வில்லியம் கார் விபத்தில் இறந்தார். செய்தி வந்த பிறகும் அன்று குறித்திருந்த ஆபரேஷனை முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். இதைக் கல்நெஞ்சம்னு சொல்றதா, கடமைன்னு சொல்றதா, எனக்கு இன்னும் பிடிபடல.

அதே வருஷம் அக்டோபர் 1. இடம் பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனை. மூன்று நாள் முன்னால் ரத்தம் தாங்காமல் பாதியில் விட்ட ஒரு கட்டி. இந்த முறை கூட ஒரு பெட்டியும் வந்திருந்தது. அதைச் செய்தவர் வில்லியம் போவி. டாக்டர் இல்லை, உயிர் இயற்பியல் ஆள். சாதாரண வீட்டு கரன்ட் உடம்பில் பாய்ந்தால் தசை வெட்டி இழுக்கும், இதயம் நிற்கும். ஆனால் அதிர்வெண் 100 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் நரம்பும் தசையும் அதற்கு ஈடு கொடுப்பதில்லை, சூடு மட்டும் மிஞ்சும். அலை விடாமல் தொடர்ந்தால் அறுக்கும், விட்டு விட்டு வந்தால் ரத்தத்தை உறைய வைக்கும். அலையின் வடிவத்தை மாத்தினா கத்தி இரும்பாகுது, இரும்பு கத்தியாகுது. எலக்ட்ரானிக்ஸ் பசங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

கட்டி வெளியே வந்தது. முன்பு ரத்தத்துக்குப் பயந்து கைவிட்ட நோயாளிகளை குஷிங் மறுபடி வரச் சொன்னார். சிக்கலும் இருந்தது. மயக்க மருந்தான ஈதர் தீப்பிடிக்கும், கருவியோ பொறி கக்கும். ஒருமுறை கரன்ட் அவர் கைக்கே பாய்ந்தது. போவி காப்புரிமையை ஒரே ஒரு டாலருக்கு விற்றார், பணம் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கருவியை உலகம் முழுக்க இன்றும் போவி என்றே கூப்பிடுகிறார்கள்.

கருவி இருந்தும் எல்லாம் கைகூடவில்லை. லியோனார்ட் வுட் என்ற ராணுவத் தளபதியின் மூளை உறையில் இருந்த கட்டியை 1910இல் எடுத்து, அதனால் பெரும் பெயர் பெற்றவர் குஷிங். கட்டி மறுபடி வளர்ந்து, 1927 ஆகஸ்டில் வுட் அவரிடமே வந்தார். அப்போது அவர் பிலிப்பைன்ஸின் கவர்னர் ஜெனரல். நீண்ட ஆபரேஷன். கட்டியை எடுத்தாயிற்று. ஆனால் மூளையின் உள்ளறைக்குள் ரத்தம் புகுந்து, சில மணி நேரத்தில் வுட் இறந்துபோனார். அந்தச் சாவு குஷிங்கை ரொம்பவே உலுக்கியது. வுட்டின் மூளை இன்றும் யேலில், குஷிங் சேர்த்துவைத்த தொகுப்பில் இருக்கிறது.

1931இல் மூளைக்கட்டி நோயாளிகளின் எண்ணிக்கை 2000 ஆனது. அடுத்த வருஷம் பிரிகாமிலிருந்து ஓய்வு பெற்று, பிறகு யேலுக்குப் போனார். 1939 அக்டோபர் 7 அன்று மாரடைப்பால் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய மூளையின் மூன்றாவது அறைக்குள்ளேயே ஒரு சின்ன நீர்க்கட்டி இருந்தது.