மனநோய்க்குப் பொது மருத்துவமனையில் இடம் தந்தவர்

வுட்பிரிட்ஜ் என்ற மருத்துவமனைப் பெயர் சிங்கப்பூரில் பல ஆண்டுகள் கேலிச் சொல்லாகவே வழங்கியது. 1993-இல் அது புவாங்கோக்கிற்கு இடம் மாறி மனநலக் கழகமாக வளர்ந்த பின்னரும் கேலி முற்றிலும் ஓயவில்லை. காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரிடம் ஓடும் நாம், மனம் நோயுற்றால் மட்டும் ஏன் மறைக்கிறோம்? இந்த நிலையை மாற்ற முயன்ற முன்னோடிகளுள் ஒருவர், கல்கத்தாவில் வாழ்ந்த டாக்டர் கிரீந்திரசேகர் போஸ்.

1887-இல் பிறந்த போஸ், 1910-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மருத்துவத் தொழிலைச் செய்துகொண்டே உளவியலும் பயின்றார். மனத்தில் அடக்கப்படும் ஆசைகளைப் பற்றிய அவரது ஆய்வுக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1921-இல் டாக்டர் பட்டம் வழங்கியது. அந்த நூலை வியன்னாவிலிருந்த சிக்மண்ட் பிராய்டுக்கு அனுப்பினார். இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. ஆயினும் கடிதத் தொடர்பு பல ஆண்டுகள் நீடித்தது. 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய போஸ், இறுதிவரை அதன் தலைவராக இருந்தார்.

அவரது சிகிச்சையில் முதற்கருவி காதுதான். நோயாளி மனத்தில் தோன்றுவதையெல்லாம் தடையின்றிப் பேச வேண்டும். மருத்துவர் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஒவ்வோர் ஆசைக்குள்ளும் அதற்கு நேர் எதிரான ஆசை ஒன்று ஒளிந்திருக்கிறது என்பது போஸின் கொள்கை. அடிக்கத் துடிப்பவனின் உள்ளத்தில் அடிபடும் விருப்பமும் உண்டு என்றார். ஆகவே, எதிராளியின் இடத்தில் தன்னை வைத்துக் கற்பனை செய்யுமாறு நோயாளியிடம் கூறுவார். பிராய்டை மதித்தாலும், இந்திய நோயாளிகளிடம் தாம் கண்ட வேறுபாடுகளை அவருக்கே எழுதத் தயங்கவில்லை.

1933-இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோய்க்கான வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் பொது மருத்துவமனை ஒன்றில் இத்தகைய பிரிவு அமைந்தது அதுவே முதன்முறை. மனநோயாளி என்றால் ஊருக்கு ஒதுக்குப்புறமான மதிலுக்குள் அடைக்கப்பட்ட காலம் அது. 1940-இல், அண்ணனும் எழுத்தாளருமான ராஜசேகர் போஸ் அளித்த வீட்டில், மூன்றே படுக்கைகளுடன் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை பிறந்தது. போஸ் 1953-இல் காலமானார்.

இன்று நம் சாங்கி பொது மருத்துவமனையிலும், இதயத்துக்கும் எலும்புக்கும் இருப்பதுபோல் மனத்துக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது. அதற்குள் செல்பவரைக் கேலி செய்யாமல், துணைக்கு உடன் செல்வோமா?