நீர்ப்பறவைகளைக் காத்த ஓவியர் டிங் டார்லிங்

ஜே நோர்வூட் டார்லிங் 1876 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்தில் பிறந்தார். பேனாவும் மையும் கொண்டு பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் வரைந்த இவர், டிங் எனக் கையொப்பமிட்டார். 1924, 1943 ஆகிய ஆண்டுகளில் புலிட்சர் பரிசு பெற்றார்.

1930களில் கடும் வரட்சியாலும், சதுப்பு நிலங்கள் விளைநிலங்களாக்கப்பட்டமையாலும் காட்டுவாத்துகள் வெகுவாகக் குறைந்தன. அரசைத் தம் சித்திரங்களால் கண்டித்து வந்த டார்லிங்கையே, 1934 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அரசு வனசீவராசிகளுக்குப் பொறுப்பான பணியகத்தின் தலைவராக்கியது. தாமும் வாத்து வேட்டையில் ஈடுபட்டவராயினும், அவர் வேட்டைக்குக் கடும் கட்டுப்பாடுகளை விதித்தார்.

அவ்வாண்டே, நீர்ப்பறவைகளை வேட்டையாடுவோர் 1 டொலர் முத்திரை வாங்கவேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதல் முத்திரைக்கான ஓவியத்தை டார்லிங்கே மையால் வரைந்தார். சதுப்பு நீரில் இறங்கும் ஒரு சோடி காட்டுவாத்துகளே அதன் காட்சியாகும். முதலாண்டில் 6 இலட்சத்துக்கும் அதிகமான முத்திரைகள் விற்பனையாகின. அப்பணம் நீர்ப்பறவைகளின் வாழிடங்களைப் பேண உதவியது. இன்றும் ஆண்டுதோறும் புதிய ஓவியத்துடன் இம்முத்திரை வெளிவருகின்றது.

1935 இல் பதவி விலகிய டார்லிங், 1962 இல் காலமானார். 1967 இல் புளோரிடாவின் சனிபெல் தீவிலுள்ள சரணாலயத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. குறைகளைச் சுட்டிக்காட்டியதோடு நில்லாமல், பொறுப்பை ஏற்றுச் செயலாற்றியமையே இவரது சிறப்பாகும்.