பகலுணவு தந்த பெருந்தகை

திண்டுக்கல் மலைக்கோட்டையின் மேல் நின்று நோக்குவோர்க்கு நாற்புறமும் பரந்த சமவெளி தோன்றும். மழை பெய்தால் கம்பும் சோளமும் நிலக்கடலையும் விளையும் புன்செய் நிலம் அது. மழை பொய்த்த ஆண்டுகளில் உழவர் வீடுகளில் அடுப்பு ஒருவேளை எரிவதும் அரிதாயிருந்தது. அந்நாளில் இச்சமவெளிச் சிற்றூர்களின் ஏழைச் சிறுவர் ஆடு மேய்க்கச் சென்றனர். நகரத்தை அடுத்திருந்தோர் சிறு கூலிக்கு வேலை தேடினர். பள்ளி அருகில் இருந்தும் அவர்கள் அதனுள் நுழையவில்லை. அதற்குக் காரணம் கல்வியில் வெறுப்பு அன்று, பசியே ஆகும். இப்பசியைத் தீர்ப்பது அரசின் கடமை என்று துணிந்து செயலாற்றிய முதலமைச்சர் காமராசர் ஆவார்.

காமராசர் 1903 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15 ஆம் நாள் விருதுபட்டியில் குமாரசாமிக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். குடும்பத்தின் வறுமையால் அவரது பள்ளிப் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பின்னர் மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். முதலாகப் போட்ட பணம் வேறு, செலவாகிப் போன பணம் வேறு என்பது கடையில் அமர்ந்தோர் எவரும் அறியும் பாடம். அதை அவர் அங்கே கற்றார் போலும்! விடுதலைப் போரில் ஈடுபட்டு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்தார். 1954 ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் சென்னை மாநில முதலமைச்சரானார்.

பள்ளிக்கு வராமல் மாடு மேய்த்த சிறுவன் ஒருவனை அவர் வழியிற் கண்டு வினவியதாகவும், அவன் உணவு கேட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. அது எவ்வூரில் நிகழ்ந்தது என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரைக் கூறுவர். பசியால் படிப்பை இழக்கும் சிறுவர் எவ்வூரிலும் இருந்தமையால் அக்கதை எவ்வூர்க்கும் பொருந்தியது எனலாம்.

பள்ளியில் உணவளிக்கும் எண்ணம் முற்றிலும் புதியதன்று. 1920 ஆம் ஆண்டிலேயே பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியில் சிற்றுண்டி வழங்கத் தொடங்கிற்று. பிள்ளைகளின் வருகை பெருகியது. ஆயினும், கல்விப் பணத்தை உணவுக்குச் செலவிடுதல் ஆகாது என்று ஆங்கில அரசு தடுத்தமையால் அது 1925 ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. முப்பது ஆண்டுகள் கழித்துக் காமராசர் எதிர்கொண்டதும் அதே தடைதான். மாநிலத்தின் வருவாய் சிறிது. அணைகள் கட்டவேண்டும், பள்ளிகள் திறக்கவேண்டும். இந்நிலையில் சோற்றுக்குப் பணம் ஏது என்று நிதி அறிந்தோர் தயங்கினர். அவர்கள் தயக்கத்தை இகழ்தல் தகாது. கணக்கைக் காப்பது அவர்கள் கடமை. எனினும் காமராசர் பின்வாங்கவில்லை. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவருக்குத் துணை நின்றார். முதலில் ஊர் மக்களின் கொடையை நம்பியே உலை வைக்கப்பட்டது. செல்வர் நெல் அளந்தனர். எளியோர் பிடியரிசி தந்தனர். 1957 ஆம் ஆண்டு முதல் அரசும் பொறுப்பை ஏற்றது.

மாணவர்களே, அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளையின் ஒருவேளை உணவுக்குப் பத்துக் காசு. அதில் அரசு தந்தது ஆறு காசு. ஊரார் தந்தது நான்கு காசு. ஆண்டுக்கு இருநூறு நாள் என்றால் மொத்தம் இருபது ரூபாய். அரசின் பங்கு பன்னிரண்டு ரூபாய். இத்தொகைக்கு ஒரு சிறுவன் ஆட்டுக் கோலை வைத்துவிட்டு எழுத்தாணி பிடித்தான். நாளை அவன் ஆசிரியனாகவோ பொறியாளனாகவோ ஈட்டும் பொருளில் நாட்டுக்கு வந்து சேரும் பங்கு எத்தனை மடங்கு!

இது வெறும் நம்பிக்கை அன்று. நடு அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டின் சிற்றூர்களில் 1969 ஆம் ஆண்டு முதல் 1977 ஆம் ஆண்டு வரை குழந்தைகளுக்குச் சத்துமிக்க கஞ்சி வழங்கி ஆராய்ந்தனர். மூன்று வயதுக்கு முன்பே அதை உண்ட ஆண் குழந்தைகள் வளர்ந்து வேலைக்குச் சென்றபோது, சத்துக் குறைந்த பானம் பெற்ற ஊரினரைக் காட்டிலும் அவர்களது ஊதியம் ஏறத்தாழ நூற்றுக்கு 46 பங்கு மிகுந்திருந்தது. ஆயின், இதிலிருந்து வேறோர் உண்மையும் புலப்படும். பள்ளி வயது வரும்வரை காத்திருத்தல் காலந்தாழ்த்துவதாகும்.

1963 ஆம் ஆண்டு காமராசர் கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்தார். 1975 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2 ஆம் நாள் மறைந்தார். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை குன்றியோர்க்குச் சத்துணவு தரும் திட்டம் அவர் காலத்திற்குப் பின்னரே வந்தது. 1980 ஆம் ஆண்டில் அது முதன்முதலாகத் தொடங்கிய கொட்டாம்பட்டி வட்டாரம் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது; திண்டுக்கல்லும் அன்று அம்மாவட்டத்தினுள்ளேயே அடங்கியிருந்தது. 1982 ஆம் ஆண்டில் எம். ஜி. இராமச்சந்திரன் பகலுணவைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022 ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் பள்ளிக்கு வந்தது.