கண்ணாடிப் பெட்டி கண்ட டாக்டர் வார்டு

கண்ணுடையார் பலர் காண்பர். கண்டதைக் கருத்தில் இருத்துவோர் சிலரே. அச்சிலருள் ஒருவராகிய நதானியேல் பாக்ஷா வார்டு என்னும் ஆங்கில வைத்தியரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1791ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தையாரும் வைத்தியரே. பதின்மூன்றாம் வயதில் கப்பலேறி ஜமேக்காத் தீவு சென்றார். பனைகளும் பெரணிகளும், மரக்கிளைகளைப் பற்றி வளரும் அன்னாசியினச் செடிகளும் மலிந்த அத்தீவு, இளைஞர் உள்ளத்தைத் தாவர நூலின்பால் ஈர்த்தது. பின்னர்க் கீழை இலண்டனில் வைத்தியத் தொழில் நடத்தினார். ஆயின், அவர் அன்புடன் வளர்த்த பெரணிகளெல்லாம் அந்நகரின் நிலக்கரிப் புகையால் மடிந்தன.

1829ஆம் ஆண்டில், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணுடன் ஒரு புட்டியில் இட்டு மூடிவைத்தார். பூச்சி வெளிப்படுமுன்னரே, மண்ணினின்று ஒரு சிறு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன! தோட்டத்தில் மடிந்த செடி புட்டியில் பிழைத்தது எங்ஙனம்? பகலில் மண்ணின் ஈரம் ஆவியாய் எழுந்து, கண்ணாடியிற் படிந்து, துளியாகி மீண்டும் மண்ணையே அடைந்தது, புகையோ உட்புகவில்லை. இவ்வுண்மையை உணர்ந்த வார்டு, கண்ணாடிப் பெட்டிகள் பல செய்வித்தார்.

அக்காலத்தில் கடல் கடந்த செடிகளிற் பெரும்பாலன உப்புக்காற்றாலும் நன்னீர்க் குறைவாலும் வழியிலேயே அழிந்தன. 1833இல் அவர் இரு பெட்டிகளைச் சிட்னிக்கு அனுப்பினார்; செடிகள் உயிருடன் சேர்ந்தன. 1834இல் அங்கிருந்து ஆஸ்திரேலியச் செடிகளுடன் புறப்பட்ட பெட்டிகள், பனியும் வெயிலும் கடந்து, ஏறத்தாழ எட்டுத் திங்களில் இலண்டனை அடைந்தபோதும் செடிகள் பசுமை குன்றவில்லை. 1842இல் தம் முறையை நூலாக வெளியிட்டார். நெருக்கமான தெருக்களில் வாழும் ஏழைகளும் பசுமையைக் கண்டு மகிழவேண்டும் என்பது அவர் பெருவிருப்பம். 1868இல் அவர் காலமானார்.

பெட்டிகளோ உலகையே மாற்றின. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் அவற்றின் வழியாகவே இந்தியா வந்தன. அவற்றைக் கொணர்ந்த இராபர்ட் பார்ச்சூன் சீனத்தாரின் இசைவு பெற்றாரல்லர்; ஒரு நாட்டின் ஆக்கம் மற்றொரு நாட்டின் இழப்பாயிற்று என்பதையும் நாம் மறத்தற்கில்லை. 1876இல் ரப்பர்க் கன்றுகள் இலங்கையை அடைந்ததும் இப்பெட்டிகளிலேயே.

இன்று வீட்டினுள் புரோமிலியாடு என்னும் அன்னாசியினச் செடிகளை வளர்ப்போரும் அவர்வழி நிற்பவரே. அச்செடிகட்கு ஈரக்காற்று வேண்டும். எனினும் வேரில் நீர் தேங்கலாகாது. இலைகள் கூடிய நடுக்கிண்ணத்தில் தூயநீர் நிற்றல் நன்று. அந்நீரையும் அவ்வப்போது மாற்றவேண்டும். கடுவெயில் ஆகாது; மெல்லொளி போதும். பிறந்த காட்டின் இயல்பறிந்து பேணின், அவை நம் இல்லத்திலும் செழிக்கும்.

மாணவ நண்பர்காள்! ஒரு புட்டியுள் முளைத்த சிறு புல்லை, களையென்று எறியாது, காரணம் வினவி நின்றார் வார்டு. நாமும் அவ்வாறு நின்று நோக்கப் பழகுவோமாக.