மணல் நிலத்து மாமேதை ஆல்டோ லியோபோல்டு

பெரியோர் வரலாறு என்றதும் நம் நினைவில் போர்க்களமோ, அரியணையோ, ஆய்வுக்கூடமோ தோன்றுவது இயல்பு. நான் இங்கே எழுத விழைவது ஒரு மணல் நிலத்தோடு பின்னிக் கிடந்த வாழ்க்கையைப் பற்றி. உழுதவர்களெல்லாம் நொடித்துப்போய்க் கைவிட்டுச் சென்ற நிலம் அது. அதனை விலைகொடுத்து வாங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் அதனிடமே பாடம் கேட்டவர் அமெரிக்க வனவியல் அறிஞர் ஆல்டோ லியோபோல்டு. அவருடைய புகழைவிட அவர் காலடியில் கிடந்த மண்ணே புவியியல் மாணவனாகிய என்னைப் பெரிதும் ஈர்த்தது. ஆகவே மண்ணின் கதையையும் மனிதரின் கதையையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

இளமையும் பணியும்

1887ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 11ஆம் நாள், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள பர்லிங்டன் என்னும் ஊரில் லியோபோல்டு பிறந்தார். அது அயோவா மாநிலத்தைச் சேர்ந்தது. தந்தையாரோடு ஆற்றோரக் காடுகளிலும் சதுப்புகளிலும் சுற்றித் திரிந்ததே அவருக்கு வாய்த்த முதற்கல்வி எனலாம். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியலில் முதுகலைப் பட்டம் பெற்று, 1909இல் அரசின் வனத்துறையில் சேர்ந்தார். அரிசோனாவின் மலைக்காடுகளில் அவர் பணி தொடங்கிற்று. ஓநாய்களைக் கொன்றால் மான்கள் பெருகும், வேட்டைக்காரர்கள் மகிழ்வர் என்று அக்காலத்து அலுவலர்கள் நம்பினர். இளைஞர் லியோபோல்டும் அவ்வாறே நம்பினார். ஓநாய் ஒழிந்த மலைகளில் மான்கள் கட்டுக்கடங்காமல் பெருகிச் செடிகொடிகளை மொட்டையடித்ததைப் பின்னாளில் உணர்ந்து, தம் கருத்தை வெளிப்படையாக மாற்றிக் கொண்டார். அவருடைய முயற்சியால் 1924இல் நியூ மெக்சிகோவின் கீலா வனப்பகுதி, சாலையும் கட்டடமும் நுழையாத இயற்கை நிலமாக ஒதுக்கப்பட்டது. அவ்வகையில் அந்நாட்டில் அதுவே முதலாவது.

அதே ஆண்டு அவர் விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1933இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேட்டை விலங்கு மேலாண்மைப் பேராசிரியரானார். 1935இல், பாரபூ என்னும் ஊருக்கு அருகே, விஸ்கான்சின் ஆற்றங்கரையில், பயிர்செய்து சலித்துப்போன பண்ணை ஒன்றை வாங்கினார். வீடு எரிந்து போயிருந்தது. எஞ்சி நின்றது ஒரு கோழிக் கொட்டகை மட்டுமே. சாணத்தை வாரி வெளியே எறிந்துவிட்டு, அக்கொட்டகையையே குடும்பம் தங்கும் குடிலாக்கிக் கொண்டார் பேராசிரியர்.

பனி தந்த மணல்

அந்நிலம் ஏன் அவ்வாறு சலித்துப்போயிற்று? விடை காணப் பனியுகத்திற்குச் செல்ல வேண்டும். பதினான்காயிரத்திற்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன், கனடாவிலிருந்து பரவிய மாபெரும் பனிப்பாளத்தின் கிளை ஒன்று விஸ்கான்சின் ஆற்றின் வழியை அடைத்துக்கொண்டது. ஆற்று நீரும் உருகுநீரும் தேங்கி ஒரு பேரேரி உண்டாயிற்று. பனி பின்வாங்கியபோது அந்த அணை உடைந்தது. பாய்ந்த வெள்ளம் மணற்பாறைகளைக் குடைந்து, இன்று விஸ்கான்சின் டெல்ஸ் எனப்படும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளை உருவாக்கிற்று. ஏரி கிடந்த இடத்திலும் உருகுநீர் ஓடிய வழிகளிலும் மணல் பரந்து கிடந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பனியாறு தான் சுமந்து வந்த பாறை, கல், மணல், களிமண் அனைத்தையும் கலந்தபடியே கொட்டிவிடும். உருகுநீரோ சல்லடைபோலப் பிரித்துப் போடும். கனமான கூழாங்கற்கள் பனியின் விளிம்பை அடுத்தே தங்கிவிடும். மணல் சற்று அப்பால் படியும். வண்டலும் களிமண்ணும் நீரோடு நெடுந்தொலைவு போய்விடும். எனவே உருகுநீர் விட்டுச்சென்ற சமவெளிகளில் மணலே மிகுதி. நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும் களிமண் அங்கே மிகக் குறைவு.

இதன் விளைவு என்ன? மணற்பருக்கைகளுக்கு இடையே உள்ள துளைகள் பெரியவை. மழை பெய்த வேகத்திலேயே நீர் கீழிறங்கிவிடும். ஓரடி ஆழமுள்ள நல்ல இருமண், பயிருக்கு உதவும் நீரை இரண்டு அங்குலம் வரை தேக்கி வைக்கும். அதே ஆழமுள்ள மணலோ ஓரங்குலம் வைத்திருந்தாலே அரிது. இறங்கும் நீர் சுண்ணாம்பையும் பிற சத்துகளையும் கரைத்துக்கொண்டு போவதால் மண் புளிப்பேறும். வசந்தத்தில் விரைவில் சூடேறும். தெளிந்த இரவில் விரைவில் குளிர்ந்து உறைபனிக்கும் இடங்கொடுக்கும். மேலே உள்ள மெல்லிய இலைமக்குதான் அதன் மொத்தச் சேமிப்பு. அது போனால் எல்லாம் போயிற்று!

பைன் மரங்களுக்கு இந்த வறுமை பொருட்டன்று. சிறிது சத்தைக் கொண்டே வளர்ந்து, உதிர்ந்த ஊசியிலைகளால் மண்ணைப் போர்த்திக் காத்தன. அவற்றுள் ஜாக் பைன் என்னும் இனத்தின் காய்கள் பல, தீயின் வெப்பம் பட்ட பிறகே விரிந்து விதை சிந்தும். வறண்ட மணற்காட்டில் தீயும் ஒரு பருவம் போல வந்து போனது என்பதற்கு அக்காய்களே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரவணிகர்கள் வெண்பைன் காடுகளை வெட்டிச் சாய்த்தனர். எஞ்சிய கழிவில் பெருந்தீ பரவிற்று. பின்னர்க் குடியேறிய உழவர்களுக்குச் சில ஆண்டுகள் இலைமக்கு விளைச்சல் தந்தது. அது தீர்ந்ததும் காற்று மணலைத் தூக்கிற்று, கடன் வந்தது, உழவர் வெளியேறினர். அவர்களைச் சோம்பேறிகள் என்று பழிப்பது முறையாகாது. அவர்கள் உழைப்பிற்குக் குறைவில்லை. அந்த மண்ணின் இயல்பை அவர்களுக்கு எடுத்துரைப்பார்தாம் இல்லை.

தோல்வியும் விடாமுயற்சியும்

லியோபோல்டு, அவர் துணைவியார் எஸ்டெல்லா, மக்கள் ஐவர் ஆகிய எழுவரும் வார இறுதிகளில் மண்வெட்டியும் கையுமாய்ப் பைன் கன்றுகளை நட்டனர். 1936ஆம் ஆண்டுக் கோடை அவர்களைச் சோதித்தது. சூலை 13ஆம் நாள் அருகிலுள்ள விஸ்கான்சின் டெல்ஸில் வெப்பம் 114 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது. அம்மாநில வரலாற்றில் பதிவான மிக உயர்ந்த வெப்பம் அதுவே. மணல் காய்ந்தது, அவ்வாண்டு நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை கருகின. வனவியலில் பட்டம் பெற்ற பேராசிரியர் நட்ட மரங்களே பட்டுப்போயின!

அவர் மனந்தளரவில்லை. அடுத்த வசந்தத்தில் மீண்டும் நட்டார். அதற்கடுத்த வசந்தத்திலும் நட்டார். எது பிழைத்தது, எது பட்டது, எந்நாளில் எப்பூ மலர்ந்தது, எப்பறவை வந்தது என்று நாட்குறிப்பில் எழுதி வந்தார். 1948 வரை அக்குடும்பம் நட்டவை சுமார் 40,000 மரங்கள். அவருடைய வாழ்க்கையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுவே. பட்டம் பெற்ற பின்னும் மண்ணின் முன் மாணவராய் அமரும் பணிவு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அந்த ஏழை மண்ணிலும் செல்வம் இருப்பதை அவர் கண்டார். காட்டு லூப்பின் என்னும் நீலப்பூச்செடி வறண்ட மணலையே விரும்பும். கார்னர் நீலம் என்னும் சிறு வண்ணத்துப்பூச்சியின் புழுவோ அச்செடியின் இலையை மட்டுமே தின்னும். வளமான வயலில் இவ்விரண்டிற்கும் வாழ்வில்லை. உழவனுக்குப் பயனற்றது என்பதனால் உலகிற்கே பயனற்றது ஆகிவிடுமா? இந்தக் கேள்வியிலிருந்தே அவருடைய நில அறம் என்னும் கொள்கை வலுப்பெற்றது என்று நான் கருதுகிறேன். மண்ணும் நீரும் செடியும் விலங்கும் மனிதனின் உடைமைகள் அல்ல. மனிதனும் சேர்ந்த ஒரே சமுதாயத்தின் உறுப்பினர்கள் என்பதே அக்கொள்கையின் சாரம்.

முடிவும் தொடர்ச்சியும்

தம் சிந்தனைகளை அவர் கட்டுரைகளாகத் தொகுத்தார். பதிப்பகங்கள் பல மறுத்தன. 1948 ஏப்ரலில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட இசைந்தது. ஒரு வாரமே கழிந்தது. ஏப்ரல் 21ஆம் நாள் அண்டை வீட்டார் நிலத்தில் காய்ந்த புல்லில் தீப்பற்றியது. பனி கரைந்து, புதுப்புல் தலைகாட்டுமுன், வெயிலும் காற்றும் சருகை உலர்த்தும் பருவம் அது. தாம் நட்ட பைன் மரங்களை நெருங்கிய அத்தீயை அணைக்கச் சென்றவர் மாரடைப்பால் வீழ்ந்தார். வயது 61. மகன் லூனாவின் முயற்சியால் அடுத்த ஆண்டு வெளிவந்த நூல் 'மணல் மாவட்டப் பஞ்சாங்கம்' என்று பொருள்படும் பெயருடையது. அப்பெயரில் மாவட்டம் ஏதுமில்லை. நடு விஸ்கான்சினின் மணற்பகுதிகளை மக்கள் அழைத்த பொதுப்பெயரே அது. இன்றுவரை அந்நூல் இருபது இலட்சம் படிகளுக்கு மேல் விற்றுள்ளது. லூனா ஆறுகளை ஆராய்ந்து புகழ்பெற்றார்; அவரும் உடன்பிறந்தார் இருவரும் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினராயினர்.

மணலின் சோதனையோ முடிந்தபாடில்லை. நடு விஸ்கான்சினின் மணற்சமவெளி இன்று ஆழ்குழாய்ப் பாசனத்தால் உருளைக்கிழங்கும் காய்கறியும் விளைவிக்கிறது. ஆனால் மணல் நீரைப் பிடித்து வைக்காததுபோலவே உரத்தையும் பிடித்து வைப்பதில்லை. இடும் உரத்தின் நைட்ரேட்டு நிலத்தடி நீரில் இறங்கிக் குடிநீர்க் கிணறுகளைக் கெடுக்கிறது. அன்று உழவரை விரட்டிய அதே இயல்பு இன்று வேறு உருவில் வந்து நிற்கிறது. பொறியால் நீரை மேலேற்றலாம். மண்ணின் குணத்தை மாற்ற இயலாது.

லியோபோல்டு வீழ்ந்த இடத்தருகே 2007இல் ஒரு கல்வி நிலையம் எழுந்தது. அதன் தூண்களுக்கும் உத்திரங்களுக்கும் வேண்டிய மரம், அக்குடும்பம் நட்டு நெருக்கமாய் வளர்ந்த பைன் தோப்புகளைக் களைந்தபோது கிடைத்தது. ஒன்றுக்கும் உதவாது என்று உழவர் விட்டுச்சென்ற மணல், தன் இயல்பறிந்து நட்டவருக்கு எழுபது ஆண்டுகளில் ஒரு கூரையைத் தந்துவிட்டது! மாணவ நண்பர்களே, நாளை நம்மில் சிலர் வனத்துறையிலும் வேளாண்மைத் துறையிலும் வருவாய்த் துறையிலும் பொறுப்பேற்கலாம். ஒரு நிலத்தைத் தரிசு என்று ஏட்டில் எழுதுமுன், அங்கே பெய்யும் மழைநீர் எங்கே போகிறது என்று குனிந்து பார்ப்போமாக.